ஆயிரத்து இருநூற்று அறுபது அடி

திருச்செங்கோட்டில் பொறாமையை அடிக்கணக்கில் அளந்து பார்த்த காலம் ஒன்று இருந்தது, மொத்தம் நாலு மாதம், அந்த நாலு மாதமும் அளவெடுக்கிற நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான்தான், அதனால் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் சொன்னார், கல்யாண மண்டபத்தில் ஒருவர் சொன்னார் என்று கேட்டதையெல்லாம் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, நடந்ததை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

என் பேர் ஜெயக்கொடி. பொங்கியண்ணன் போர்வெல்ஸில் பதினாலு வருஷமாகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ரிக் வண்டிகள் நாமக்கல்லில் தொடங்கி ராஜஸ்தான் வரைக்கும் போய்ப் போட்ட ஒவ்வொரு போரையும், டிரைவர்கள் எண்ணெய்க் கையோடு நோட்டில் கிறுக்கிக்கொண்டு வந்து கொடுப்பார்கள், நான் அதை வாங்கி, உரிமையாளர் பேர், ஊர், ஆழம் எத்தனை அடி, தண்ணீர் எத்தனை இஞ்சு, தேதி, கடைசியில் குறிப்பு என்று ஆறு கட்டத்தில் அடித்து ஏற்றுவேன், குறிப்பில் எந்த அடியில் பாறை வந்தது, எந்த அடியில் ஈரம் தட்டியது, எங்கே கேசிங் பைப் நின்றது என்று எல்லாம் இருக்கும், இப்படி அடித்து அடித்து முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு போர் என் டேபிள் மேலிருந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சேர்ந்திருந்தது. ஒரு போரில் மோட்டார் மாட்டிக்கொண்டால் முதலில் எனக்குத்தான் போன் வரும். அந்த ஒரு மரியாதையில்தான் நான் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கோகிலவாணி வந்தாள். பத்தாவது வரைக்கும் நானும் அவளும் ஒரே பெஞ்சு, எம்.சி.ஏ.வும் ஒரே வகுப்பு, படித்து முடித்தவுடன் அவள் பெங்களூருக்குப் போனாள், நான் இங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டேன், அவ்வளவுதான் கதை என்று நினைத்திருந்தேன். பதினாறு வருஷம் கழித்து எதற்கோ திரும்பி வந்தவளை ஏதோ கல்யாணத்தில் முதலாளி பார்த்துப் பேசி, அடுத்த வாரமே சிஸ்டம் மேனேஜர் என்று கொண்டுவந்து கண்ணாடி ரூமில் உட்கார வைத்துவிட்டார். நாற்பத்தொரு வயதிலும் பாவி மகள் அப்படியே இருந்தாள். வயிறு எரிந்தது எனக்கு, மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

வந்த அன்றைக்கே என் டேபிளுக்கு வந்து பழைய பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "இது இனிமே இங்க வேண்டாம் புள்ள, உள்ளார ஏசி ரூம்ல வெச்சுக்கலாம். உனக்குப் புதுசு ஒண்ணு வாங்கியிருக்கறேன்" என்றாள்.

"செரிங்க மேடம்" என்றேன்.

"மேடமா? பேர் சொல்லிக் கூப்புடு."

"செரிங்க மேடம்."

அதற்குமேல் வற்புறுத்தாமல் வேலையைச் சொன்னாள். ஒரு இடத்தில் இருக்கிற டேட்டாவை எடுத்து, தூசு தட்டி, இன்னொரு இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிற டூல் ஒன்றை என் புது மெஷினில் போட்டிருந்தாள். "பழைய பெட்டியில இருக்கற போரையெல்லாம் இது வழியாப் புது டேட்டாபேஸ்ல ஏத்திரு. கொட்டற பக்கம் நானே செட் பண்ணிட்டேன், எடுக்கற பக்கம் மட்டும் நீ கனெக்‌ஷன் குடுத்தாப் போதும். பெட்டிக்கு நெட்வொர்க்ல புதுசா ஒரு பேரு வெச்சிருக்கறேன், அதை மட்டும் எங்கிட்ட வந்து கேட்டுப் போட்டுக்க" என்று சொல்லிச் சிரித்தாள். வந்து கேட்டு! பதினாலு வருஷம் நான் சோறு போட்டு வளர்த்த பெட்டிக்கு இவள் பேர் வைப்பாளாம், அந்தப் பேரை நான் இவள் ரூம் வாசலில் நின்று கேட்க வேண்டுமாம்.

கேட்கவில்லை. அது இல்லாமலே மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபண்ணிக்கொண்டு வந்தேன். முதல் நாள், டிரைவர் இல்லை என்றது டூல், பழைய டேட்டாபேஸோடு பேசுவதற்கு அதற்கென்று ஒரு ஃபைல் வேண்டும், தேடி இறக்கி ஃபோல்டருக்குள் போட்டு டூலை மூடித் திறந்தேன். இரண்டாம் நாள், பாஸ்வேர்டு தப்பு என்றது, பார்த்தால் காப்பி பண்ணும்போது கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. மூன்றாம் நாள் போர்ட் நம்பர், அந்தக் காலத்தில் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவர் நியூமராலஜி பார்க்கிறவர், ஊரே வைக்கிற நம்பரை விட்டுவிட்டுக் கூட்டினால் ஒன்பது வருகிற மாதிரி ஒரு நம்பரை வைத்திருந்தார், அதையும் கண்டுபிடித்தேன். கடைசியில் மிஞ்சியது சர்வர் பேர் என்கிற ஒரே கட்டம்.

அந்தக் கட்டத்தில் தானாகவே லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதியிருந்தது. வேறெங்கும் போகாதே, நீ உட்கார்ந்திருக்கிற இந்த இடத்திலேயே தேடு என்று அதற்கு அர்த்தம். பெட்டி என் டேபிளில் இருந்தவரைக்கும் பதினாலு வருஷமாக அதுதான் சரி, என் விரலுக்கே அது மனப்பாடம், ஆனால் இப்போது பெட்டி கண்ணாடி ரூமுக்குள் போய்விட்டது, என் புது மெஷினில் ஒரு மண்ணும் கிடையாது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். இருபது அடி நடந்துபோய் ஒரு வார்த்தை கேட்டால் முடிகிற காரியம். போவேனா நான்? இருந்தது இருந்தபடியே இருக்கட்டும், தோற்றால் டூல் தோற்கட்டும் என்று டெஸ்ட் கனெக்‌ஷன் பட்டனை அமுக்கினேன், கனெக்‌ஷன் கிடைத்துவிட்டது என்று பச்சையாக வந்தது.

லோடு கொடுத்தேன். முப்பத்தெட்டாயிரம் வர வேண்டிய இடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வந்து நின்றது. திறந்து பார்த்தேன். முதல் வரி, உரிமையாளர் கோகிலவாணி, ஊர் திருச்செங்கோடு, ஆழம் ஆயிரத்து இருநூற்று அறுபது அடி, தண்ணீர் இல்லை, தேதி எங்களுக்குப் பத்தாவது ரிசல்ட் வந்த தேதி, குறிப்பு, கணக்கில் நூறு. எனக்குத் தொண்ணூற்றொன்பது. இரண்டாவது வரியும் கோகிலவாணி, மூன்றாவதும் அவள்தான், சிரித்தால் வகுப்பே திரும்பிப் பார்ப்பது எழுநூறு அடி, அவள் அப்பா மழையில் குடையோடு வந்து நிற்பது தொள்ளாயிரத்து நாற்பது, கண்ணாடி ரூம் ஆயிரத்து நூறு, இருநூற்றுப் பன்னிரண்டும் அவள் பேரில்தான். ஒரே ஒரு வரியில் மட்டும் தண்ணீர் இருந்தது, பெங்களூர் பஸ், ஜன்னல் சீட், ஒன்றே முக்கால் இஞ்சு. திடுக்கிட்டேன் என்று சொன்னால் பொய். நான் முதலில் பார்த்தது அடி சரியாக இருக்கிறதா என்றுதான், சரியாகத்தான் இருந்தது.

அழிக்கலாம் என்றால் எனக்கு ஏற்றுகிற அனுமதிதான் உண்டு, அழிக்கிற அனுமதி அவள் கையில் இருந்தது. வயர் ஏதாவது லூசோ என்று பார்க்க டேபிளுக்கு அடியில் குனிந்துகொண்டு, எங்கள் அக்கவுண்டன்ட் நாச்சிமுத்து அண்ணனை என் நாற்காலியில் உட்காரச் சொல்லி, "அந்தப் பட்டனை ஒருக்கா அமுக்குங்கண்ணா" என்றேன். அமுக்கினார். அறுபத்தொரு வரி வந்தது. அதில் புத்தம் புதுசு, உரிமையாளர் பழனியம்மாள், ஊர் சூரியம்பாளையம், ஆழம் எண்ணூற்று அறுபது, குறிப்பு, மாடிப்படிக்கு கிரானைட். பழனியம்மாள் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர். நாச்சிமுத்து அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "அடி கொஞ்சம் கம்மியாத்தான் காட்டுது அம்மிணி" என்றார்.

புது டேட்டாபேஸ் கெட்டிக்காரத்தனமானது, புதுத் தேதியில் எந்த வரி வந்தாலும் அதை எடுத்து சர்வீஸ் ஆட்களுக்குத் தானாகவே அனுப்பிவிடும். மூன்றாம் நாள் காலையில் எங்கள் ஆட்கள் மோட்டார் தூக்குகிற வண்டியோடு பழனியம்மாள் வீட்டு வாசலில் போய் நின்று, உங்கள் எண்ணூற்று அறுபது அடி போரைப் பார்க்க வந்திருக்கிறோம் என்றிருக்கிறார்கள். அந்த அம்மாள் வீட்டில் போரே கிடையாது, காவிரித் தண்ணீர்தான். ஆட்கள் கையிலிருந்த தாளை வாங்கிப் படித்துப் பார்த்து, அப்படியே ஆட்டோ பிடித்து ஆபீசுக்கு வந்துவிட்டார்.

"இதை யாருங்க எழுதுனது?" என்றார்.

நாச்சிமுத்து அண்ணன் எழுந்து நின்றார். "நாந்தானுங்க. நானா எழுதலீங்க, உக்காந்தேன், வந்துருச்சு. கிரானைட்டைப் பாத்ததுலேர்ந்து சோறு எறங்குலீங்க."

சண்டை வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். பழனியம்மாளின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "எண்ணூத்தி அறுவதா?" என்றார். "எங்கூட்டுக்காரரு அந்தக் கல்லு வேண்டவே வேண்டாம்னாருங்க. எனக்கு இதுல ஒரு பிரிண்டு வேணுமே." எடுத்துக் கொடுத்தோம். லேமினேட் பண்ணி ஹாலில் மாட்டியிருப்பதாக அப்புறம் கேள்விப்பட்டேன்.

அதற்கப்புறம் ஊர் சும்மா இருக்குமா. எந்த நிலத்தில் எத்தனை அடியில் தண்ணீர் என்பதைத் தவிர வேறு பேச்சே தெரியாத ஊர், அடி என்றால் பச்சைப்பிள்ளைக்கும் புரியும், ஆகவே யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை, திங்கட்கிழமை நாலு பேர் வந்தார்கள், வியாழக்கிழமை நாற்பது பேர் வந்தார்கள், அடுத்த வாரம் வாசலில் வரிசை நின்றது. உட்காருவதற்கு வந்தவர்கள் குறைவு, உட்கார வைப்பதற்கு ஆள் கூட்டிக்கொண்டு வந்தவர்கள்தான் அதிகம். நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், பங்காளியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், எதிர்வீட்டுக்காரரை ஜூஸ் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், அவர்கள் பட்டனை அமுக்கும்போது பின்னால் நின்று மானிட்டரை எட்டிப் பார்த்து, தன் பேர் வந்தால் தோளை நிமிர்த்திக்கொண்டும், வராவிட்டால் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டும் போனார்கள். டூல் காப்பிதான் எடுக்கும், உள்ளே இருப்பது உள்ளேயேதான் இருக்கும், அதனால் யாருக்கும் பொறாமை குறையவில்லை, கூடத்தான் கூடியது.

புது வீட்டு முகப்பில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். இருக்கிற கண்ணெல்லாம் பட்டுத் தொலையட்டும், அடி ஏறட்டும் என்று விட்டுவிட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தோடு சேர்த்து, "உங்க பேர்ல எத்தனை வரிங்க இருக்குது" என்று கேட்டார்கள். எங்கள் முதலாளி பொங்கியண்ணன், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ரிக் கம்பெனி வைத்திருக்கும் சடையப்பனைக் காப்பி சாப்பிடக் கூப்பிட்டு, தந்திரமாக நாற்காலியில் உட்கார வைத்தார், பொங்கியண்ணன் பேரில் ஆயிரத்து நூறு அடி வந்தது, அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சடையப்பன் லேசுப்பட்ட ஆளா, "நீங்களும் ஒருக்கா உக்காருங்க பாப்போம்" என்றார். உட்கார்ந்தார். சடையப்பன் பேரில் ஆயிரத்து நூற்றைம்பது வந்தது. அந்த ஐம்பது அடிக்காக எங்கள் முதலாளி ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

குழந்தைவேலு என்று ஒரு ரிட்டையர்டு தலைமையாசிரியர், தங்கமான மனுஷன், ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். புதன்கிழமை தவறாமல் வருவார், "எம்பேர்ல ஏதாச்சும் வந்துச்சாம்மா" என்று கேட்பார், இல்லை என்பேன், தலையாட்டிவிட்டுப் போவார். ஆறு புதன்கிழமை பார்த்தார், ஏழாவது வாரம் எழுபத்தொரு வயதில் ஓட்டத் தெரியாத சிவப்புக் கார் ஒன்றை வாங்கி வீட்டு கேட்டுக்கு வெளியில் நிறுத்தினார், எட்டாவது புதன்கிழமை மூன்று வரி, மொத்தம் நாற்பது அடி. அதற்கப்புறம் பிரஷர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார் என்று அவர் மருமகள் சொன்னாள்.

எனக்கு என்ன வந்தது? அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொல்கிறேன். ஊர் மொத்தமும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எழுந்து போயிற்று, ஒரு லட்சத்துச் சொச்சம் வரி சேர்ந்தது, நான் தினமும் காலையில் ஒன்பது மணிக்கு முதல் வேலையாக என் பேரைப் போட்டுத் தேடுவேன், பூஜ்யம் என்று வரும். நாச்சிமுத்து அண்ணனுக்கு என்மேல் ஒன்றுமில்லை. என் ஓரகத்திக்கு ஒன்றுமில்லை, அவளுக்கு ஆறு பேர் மேல் இருந்தது, என்மேல் இல்லை. காரில்லாத வாத்தியாரைவிடக் கேவலமாக இருந்தேன். ஊர் பூராவும் பொறாமைப்பட ஆள் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு ஜீவனுக்குக்கூட என்மேல் பொறாமைப்படத் தோன்றவில்லை என்றால் நான் இத்தனை வருஷம் வாழ்ந்ததுதான் என்ன? அழுதிருக்கிறேன், பாத்ரூமில் போய்.

ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கு ஊர் வேண்டாம். ஒருத்தி உட்கார்ந்தால் போதும். கோகிலவாணி அந்த நாற்காலியில் உட்கார வேண்டும், அவள் வரிகளில் என் பேர் இருக்க வேண்டும், இருநூற்றுப் பன்னிரண்டு வேண்டாம், ஒன்று போதும், ஆழம் மட்டும் நான் மதிக்கிற மாதிரி இருக்க வேண்டும். அவளோ பக்கத்திலேயே வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை பார்ப்பாள், வரிசையில் நிற்கிறவர்களைப் பார்ப்பாள், திங்கட்கிழமை மட்டும் கதவைத் திறந்து, "பழைய போரெல்லாம் ஏறிருச்சா?" என்று கேட்பாள். "கனெக்‌ஷன் பாத்துட்டு இருக்கறனுங்க மேடம்" என்பேன். "ஏதாச்சும் வேணும்னா கேளு" என்பாள். கேட்க மாட்டேன். அந்தக் கட்டத்தில் சரியான பேரைப் போட்டேனென்றால் டூல் பழைய பெட்டிக்குப் போய்விடும், நாற்காலியில் உட்காருகிறவருக்குள் போகாது, அப்புறம் அவளை எதை வைத்து அளப்பேன்?

இப்படியே நாலாவது மாதம் வந்தது. பழைய பெட்டிக்குள் கரக் கரக் என்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதலில் கண்ணாடிக் கதவு திறக்கும்போது மட்டும் கேட்டது, அப்புறம் மூடியிருந்தாலும் கேட்டது. சர்வீஸுக்கு வந்தவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "டிஸ்க் போயிருச்சுங்க. ஓடற வரைக்கும் ஓடும், ஒரு தடவை ஆஃப் ஆச்சுன்னா மறுக்கா எந்திரிக்காது" என்றார். மறுநாள் மாதாந்திரக் கரண்ட் கட், காலை ஒன்பது மணியிலிருந்து மத்தியானம் இரண்டு மணி வரை, யூபிஎஸ் ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம். பதினாலு வருஷம் நான் அடித்தது, ஒவ்வொரு பாறையும் ஒவ்வொரு ஈரமும், எல்லாம் இன்னும் பதினேழு மணி நேரம்தான் இருக்கும்.

கோகிலவாணி ரூமை விட்டு வெளியே வந்தாள். சாயங்காலம் நாலு மணி, வரிசையில் இன்னும் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள், முதலாளியும் நின்றுகொண்டிருந்தார். நேராக என்னிடம் வந்தாள். "இன்னைக்கு ஏத்தியே ஆகோணும் புள்ள" என்றாள்.

"ஏத்தலாமுங்க மேடம்" என்றேன். அப்போதும் விடவில்லை நான். "அதுக்கு முன்னாடி நீங்க ஒருக்கா உக்காருங்க."

அவள் திரும்பிப் பெட்டி இருக்கிற பக்கம் பார்த்தாள். "நான் உக்காந்தா, அப்புறம் கனெக்‌ஷனை மாத்தீருவியா?"

"மாத்தீர்றேன்."

"சத்தியமா?"

"அந்த மலைமேல இருக்கற சாமி சத்தியமா."

உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை மடியில் இழுத்து விட்டுக்கொண்டாள், லோடு பட்டனை அமுக்கினாள். எல்லாருக்கும் நூறு வரி ஓடுவதற்கு எடுக்கிற நேரம்கூட எடுக்கவில்லை, சட்டென்று நின்றுவிட்டது. ஒரே ஒரு வரி. உரிமையாளர், ஜெயக்கொடி.

என் பேர். நாலு மாதத்தில் முதல் தடவையாக என் பேர். அடுத்த கட்டத்தைப் படித்தேன். ஆழம், மூன்று அடி.

மூன்றுக்குப் பக்கத்தில் பூஜ்யம் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று கிட்டப் போய்ப் பார்த்தேன், இல்லை. பின்னால் நின்ற முதலாளி, "மூணு அடில தென்னம்புள்ளகூட வெக்க முடியாதே அம்மிணி" என்றார். யாரோ சிரித்தார்கள். குறிப்பைப் படித்தேன், தட்டப்பயிறுக் குழம்பு என்று இருந்தது, தேதி முந்தின நாள். என் சாப்பாட்டு டப்பா. இருபத்தாறு வருஷம் நான் இவளுக்காக பூமியைத் துளைத்து வைத்திருக்கிறேன், இவளுக்கு என்மேல் இருப்பது ஒரு டப்பா குழம்புக்கு மூன்று அடி.

"அவ்வளவுதானா?" என்றேன். மேடம் எல்லாம் போய்விட்டது. "அவ்வளவுதானா கோகிலா? உனக்கு எம்மேல வேற ஒண்ணுமே இல்லியா?"

"மெஸ் சாப்பாடு வாய்க்கு ஒத்துக்கல" என்றாள். "வாசம் கண்ணாடி தாண்டி வந்துச்சு. பொய் சொல்லவா?"

"என்னோடதைப் பாத்தியா நீ?"

"மொத நாளே பாத்தேன். இருநூத்திப் பன்னண்டையும் படிச்சேன். எங்கப்பா குடை கொண்டாந்ததெல்லாம் நான் மறந்தே போயிட்டேன், நீதான் வெச்சிருக்கற." மானிட்டரைக் காட்டினாள். "லோக்கல்ஹோஸ்ட்டுன்னு போட்டிருக்கறதும் அன்னைக்கே தெரியும். நீயா வந்து கேப்பேன்னு இருந்தேன். நான் வந்து சொல்லியிருந்தா அதுக்கு ஒரு வரி ஏறியிருக்கும்."

அது உண்மைதான், ஏறியிருக்கும். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டி கரக் கரக் என்று இழுத்துக்கொண்டிருந்தது. செய்த சத்தியம் இருக்கிறது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சர்வர் பேர் கட்டத்தில் இருந்ததை அழித்துவிட்டு, மானிட்டரைப் பார்த்தபடியே, நாலு மாதமாகத் தொண்டையில் நின்றதை ஒருவழியாகக் கேட்டேன்.

"பெட்டிக்கு என்ன பேரு வெச்சிருக்கற?"

"உம்பேருதான்."

"என்னது?"

"ஜெயக்கொடி. சின்ன எழுத்துல அடி, நடுவுல ஸ்பேஸ் இல்ல." மெதுவாகத்தான் சொன்னாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "உள்ள இருக்கறதெல்லாம் நீ அடிச்சது. வேற யாரு பேரை வெக்கறது? வந்து கேக்கறப்போச் சொல்லலாம்னு ஆசையா வெச்சிருந்தேன்."

என் பேரை நானே அடித்தேன். இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாம் தடவை சரியாக வந்தது. டெஸ்ட் கனெக்‌ஷன், பச்சை. லோடு கொடுத்ததும் எண்கள் ஓட ஆரம்பித்தன, ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம், மல்லசமுத்திரம் போரும் மத்தியப் பிரதேசத்துப் போரும் எல்லாம் தண்ணீரும் பாறையுமாகப் போய்க்கொண்டே இருந்தன, இருபது நிமிஷம் கழித்து முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டில் வந்து நின்றது. வரிசையில் முன்னால் நின்ற ஒருவர் தன் கொழுந்தனாரை நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தார், அப்போதும் போர்தான் வந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு எல்லாரும் வண்டியை எடுத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

கோகிலா என் பக்கத்தில் நின்றாள், கை என் நாற்காலியின் முதுகில் இருந்தது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. வந்தது வேறே. அவள் இடத்தில் நான் இருந்து, அவள் என் இடத்தில் இருந்து, அவள் அடித்து வைத்த பெட்டியை நான் எடுத்துக்கொண்டு போயிருந்தால், அதற்கு அவள் பேரை வைக்க எனக்குத் தோன்றியிருக்காது, ஏழு ஜென்மம் எடுத்தாலும் தோன்றியிருக்காது, சர்வர் ஒன்று என்று ஏதாவது எழுதிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். இவளுக்குத் தோன்றியிருக்கிறது, யாரும் சொல்லாமலே. அந்த மனசைப் பார்த்து அந்த நிமிஷம் எனக்கு வந்த பொறாமை மாதிரி என் ஆயுசில் எனக்கு எதன்மேலும் வந்ததில்லை, அது எத்தனை அடி போகிறதென்று பார்ப்பதற்கு இருந்த ஒரே வழியையும் நான் அப்போதுதான் சாமி சத்தியத்தோடு என் கையாலேயே மூடியிருந்தேன்.